சங்கம் நடத்துவதும் ஒரு படிப்பே

(பொதுக்குழுவுக்கு முன்னதாக நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் கூடவிருக்கும் நம் பொதுக்குழுவின் முன் இரண்டு தீர்மானங்கள் வருகின்றன. சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்வதா, வேண்டாமா என்பது ஒன்று. நம் பிள்ளைகளுக்கு நடத்திவரும் மாலைநேரத் தமிழ் வகுப்புக்கு ஒரு கம்பெனி பணம் தர முன்வந்திருக்கிறது. அதை வாங்கலாமா, கூடாதா என்பது மற்றொன்று. ஒரு மாத காலமாக டீக்கடையிலும், குவார்ட்டர்ஸ் வாசலிலும், கட்கி பஸ்ஸிலும் இதே பேச்சுத்தான். "நமக்குள்ளே என்னப்பா பதிவு, ஆடிட்? ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தானே இத்தனை வருஷம் ஓட்டினோம்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ரயில்வேயில் எழுத்தர் வேலை, மற்ற நேரமெல்லாம் சங்க வேலை. ஆனால் சங்கம் நடத்துவதை ஒரு படிப்பாகவே எடுத்துக்கொண்டு, அதை ஆராய்ந்து, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, சொன்னது சரியா தவறா என்று தாமே கரும்புக் காட்டில் இறங்கிப் பார்த்த ஒரு பேராசிரியர் இதே புனேயில் இருந்தார். அவர் வேலை செய்த கட்டடம் டெக்கான் ஜிம்கானாப் பக்கம் இன்றும் இருக்கிறது. நம்மில் பலர் அந்தச் சாலை வழியாக நூறு முறை போயிருப்போம். அவரைப் பற்றிச் சொன்னால் நம் கேள்விக்கும் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

தனஞ்செய ராமச்சந்திர காட்கில் என்பது அவர் பெயர். 1901இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் சென்று படித்து, இந்தியத் தொழில்களின் வளர்ச்சியைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி 1924இல் நூலாக வந்தபோது வயது 23தான். சாத்தாராவைச் சேர்ந்த ராவ்பகதூர் காளே கொடுத்த நன்கொடையைக் கொண்டு 1930இல் கோகலே அரசியல் பொருளாதார நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் காட்கில். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். பின்னர் புனே பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர். அதன்பின் 1967 முதல் 1971 வரை டில்லியில் திட்டக்குழுவின் துணைத்தலைவர். மத்திய அரசின் உதவியை மாநிலங்களுக்குப் பங்கிட 1969இல் வந்த 'காட்கில் சூத்திரம்' இவர் பெயரில் வந்ததுதான். மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கையால் 2011 முதல் நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் அடிபட்ட மாதவ் காட்கில் இவருடைய மகன்.

பதவிப் பட்டியல் இத்துடன் போதும். எனக்கு அவரிடம் பிடித்த விஷயம் வேறு. எதைப் பற்றியும் எண்ணிப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்ல மாட்டார். இந்தப் பூனா நகரத்தில் யார் என்ன தொழில் செய்கிறார்கள், என்ன கூலி வாங்குகிறார்கள், எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று 1930களிலேயே ஆட்களை வீடு வீடாக அனுப்பிக் கணக்கெடுத்தார். அது இரண்டு பாகங்களாக 1945லும் 1952லும் வெளிவந்தது. ஒரு நகரத்தைப் பற்றிப் பேச முதலில் அதன் கதவைத் தட்ட வேண்டும் என்று நினைத்தவர். நம்மை எடுத்துக்கொள்ளுங்கள். "புனேயில் இத்தனை லட்சம் தமிழர்" என்று ஒவ்வொரு பொங்கல் விழா மேடையிலும் ஒரு தொகை சொல்கிறோம். ஆண்டுதோறும் அது கூடிக்கொண்டும் போகிறது. ஆனால் நம் பேட்டையில் எத்தனை தமிழ்க் குடும்பம், எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றார்கள் என்று கேட்டால் நம் கையில் ஒரு தாள் கிடையாது.

இனி நம் சங்கதிக்கு வருகிறேன். இலாபம் கருதாத ஓர் அமைப்பை நடத்துவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, அதைப் போய்க் கல்லூரியில் பாடமாக வைக்க வேண்டுமா என்று கேட்கலாம். இருக்கிறது, தோழர்களே. ஒரு மளிகைக் கடைக்காரர் கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது. அவருடைய பணம், அவரே காவல். அரசாங்கப் பணத்துக்குத் தணிக்கைத்துறை, சட்டசபை, கோர்ட் என்று கேட்பதற்குப் பலர் உண்டு. சங்கத்துப் பணம் யாருடையது? எல்லோருடையதும். எல்லோருடையது என்பதாலேயே அதைப் பற்றி யாருக்கும் இரவில் தூக்கம் கெடுவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடையில் சரக்கு மட்டமென்றால் வாங்கினவன் மறுநாள் வேறு கடைக்குப் போய்விடுவான். கடைக்காரனுக்குப் புத்தி வந்துவிடும். தொண்டு அமைப்பில் பணம் கொடுப்பவர் ஒருவர், பயன் பெறுபவர் மற்றொருவர். 2018இல் கஜா புயலின்போது நாமெல்லாம் வீடு வீடாகப் போய் வசூல் செய்து டெல்டாப் பக்கம் போர்வையும் அரிசியும் அனுப்பினோமே, கொடுத்தவர்களுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? வாங்கியவர்கள் அது போதவில்லை என்றால் யாரிடம் வந்து சொல்வார்கள்? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகச் சட்ட இதழில் 1980இல் ஹென்றி ஹான்ஸ்மன் என்பவர் இதையே ஒரு கொள்கையாக எழுதினார். கொடுப்பவரால் நேரில் போய்ச் சரிபார்க்க முடியாத இடத்தில்தான் இலாபம் கருதாத அமைப்பு தேவைப்படுகிறது. மிச்சப் பணத்தை நடத்துபவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளக் கூடாது என்ற விலக்கை நம்பித்தான் மக்கள் அதனிடம் பணம் கொடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். எளிய விஷயம்தான். ஆனால் அந்த விலக்கு காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் ரயில்வேயில் டிக்கெட் கவுண்ட்டரில் உட்காருகிறவர், உட்காரும் முன்பே தம் சட்டைப் பையில் சொந்தப் பணம் எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். டியூட்டி முடிந்து எழும்போது விற்ற டிக்கெட்டுக்கும் பெட்டியிலுள்ள பணத்துக்கும் கணக்கு நேராக வேண்டும். குறைந்தால் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். கூடினாலும் காட்டியாக வேண்டும். இதனால் அவரை யாரும் திருடன் என்று சொல்லிவிடவில்லை. விஜிலென்ஸ்காரர்கள் திடீரென்று வந்து நிற்கும்போது அந்த நோட்டுத்தான் நல்லவனைக் காப்பாற்றுகிறது. நோட்டு இல்லாத இடத்தில் நல்லவனும் கெட்டவனும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

நான் நன்கு அறிந்த ஒரு சங்கம் உண்டு. வேறு ஊர்; பெயர் வேண்டாம். பொருளாளர் தங்கமான மனிதர். சங்கம் பதிவாகாததால் வங்கிக் கணக்கு அவர் ஒருவர் பெயரிலேயே இருந்தது. ஒருநாள் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகளும் யோக்கியமானவர்கள்தாம், "இது எங்கள் பணமல்ல, சங்கத்துப் பணம்" என்று அவர்களே வந்து சொன்னார்கள். ஆனால் வங்கிக்காரர் கேட்டது வாரிசுச் சான்றிதழ். அது வருவதற்குள் பேசி வைத்திருந்த இடம் கைமாறிவிட்டது. அட்வான்ஸும் போயிற்று. அந்தக் கதையில் திருடனே கிடையாது, ஐயா. எல்லோரும் நல்லவர்கள்.

நம்பிக்கை இருக்கும் இடத்தில் கணக்கு எதற்கு என்பது நம் மரபும் அல்ல. கலியாண வீட்டு வாசலில் உட்கார்ந்து மொய் எழுதுகிறார்களே, அங்கே வருகிறவர்கள் எல்லோரும் மாமன் மச்சான்தானே? ஆனாலும் பெயர், ஊர், தொகை எழுதி, சத்தம்போட்டுப் படித்துத்தானே வாங்குகிறார்கள்? நம் தாய்மார்கள் நடத்தும் சீட்டைப் பாருங்கள். எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, எல்லோர் முன்னிலையிலும் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் காப்பி. நம் கமிட்டிக் கூட்டத்தில் முதலில் காப்பி வருகிறது. கணக்கு வருவதற்குள் கலைந்துவிடுகிறோம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் குடவோலைக்காக மேற்கோள் காட்டுவார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறித்தது. அது பிராமணர் ஊர்ச் சபை. நிலமும் வீடும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இடம்; உழுதவனுக்கு அங்கே ஓலை கிடையாது. ஆகவே அதை ஜனநாயகம் என்று நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அதிலுள்ள இரண்டு விதிகள் எனக்கு வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவன் பெயரையும் குடத்தில் போட முடியாது. பதவிக் காலமோ 360 நாள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் கல்லில் எழுதியதை நாம் இன்னும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதவில்லை.

இங்கே காட்கிலுக்குத் திரும்புகிறேன். அகமத்நகர் மாவட்டத்தில் பிரவரா ஆற்றுப் பாசனப் பகுதி. கரும்பு விளைந்தது. ஆலை தனியாருடையது, அவர்கள் வைத்ததுதான் விலை. லோணி என்ற ஊரைச் சேர்ந்த விட்டல்ராவ் விகே பாட்டீல் என்ற விவசாயி, அதிகம் படிக்காதவர், ஊர் ஊராகப் போய்ப் பங்குப் பணம் சேர்த்தார். விவசாயிகளே ஆலை வைப்பதா என்று ஊரே சிரித்த காலம். அவர்கள் ஒரு தலைவரைத் தேடியபோது ஜமீன்தாரையோ மந்திரியையோ தேடவில்லை. புனேயிலிருந்த பொருளாதாரப் பேராசிரியரைத் தேடி வந்தார்கள். அவரும் போனார். ஆலையின் தலைவராக முதல் பத்தாண்டளவு பொறுப்பேற்றார். 1950–51இல் அரவை தொடங்கிற்று. ஆசியாவிலேயே விவசாயிகளின் முதல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை என்று இன்றும் அதைச் சொல்வார்கள். பம்பாய் மாகாணத்தில் நிதியும் கூட்டுறவும் பார்த்த மந்திரி வைகுந்த் மேத்தாவின் ஆதரவும் அதற்கு இருந்தது.

கூட்டுறவு ஆலை வேறு, நம் சங்கம் வேறு என்று ஒரு தம்பி சொல்லக்கூடும். உண்மை. அங்கே மிச்சத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள்; இங்கே பங்கிட எதுவும் கிடையாது. ஆனால் சொந்த முதலாளி இல்லாத ஓர் அமைப்பை யார் காவல் காப்பது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே. பிரவராவில் கிடைத்த விடையைக் கவனியுங்கள். விகே பாட்டீலுக்கு மண் தெரியும், மனிதர் தெரியும். காட்கிலுக்குக் கணக்குத் தெரியும், சட்டம் தெரியும், சர்க்காரோடும் கடன் கொடுக்கும் நிறுவனங்களோடும் பேசத் தெரியும். படித்தவன் வந்து பாமரனுக்குத் தலைவனாகிவிட்டான் என்று இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பாமரன் போய்ப் படித்தவனை வேலைக்கு அழைத்து வந்தான். அழைத்தவன் கையில் பங்குப் பத்திரம் இருந்தது.

குஜராத்தில் ஆனந்திலும் இதே கதைதான். பால் உற்பத்தியாளர்கள் தேர்ந்தெடுத்த தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். மானேஜர் வர்கீஸ் குரியன். குரியன் நம் சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். அவர்தான் 1979இல் கிராம மேலாண்மைக் கல்லூரி ஒன்றை அங்கேயே ஏற்படுத்தினார். விவசாயியிடம் சம்பளம் வாங்கும் மானேஜரைத் தயாரிக்கத் தனிப் பள்ளிக்கூடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். நம் புனேயில் பல்கலைக்கழகச் சாலையில் இருக்கும் வைகுந்த் மேத்தா தேசியக் கூட்டுறவு மேலாண்மை நிறுவனமும் அப்படிப்பட்ட பள்ளிதான். 1967இல் அந்தப் பெயரில் அமைந்தது. வேதனை என்னவென்றால், அந்தக் குரியனே 1973 முதல் பால் கூட்டுறவுச் சம்மேளனத் தலைவர் நாற்காலியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து, 2006இல் கசப்போடு வெளியேற வேண்டி வந்தது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் எப்போது எழுந்திருப்பது என்பது கஷ்டமான பாடம்.

ஜெர்மானியத் தொழிலாளர் கட்சியையும் சங்கங்களையும் உள்ளேயிருந்து பார்த்த ராபர்ட் மைக்கல்ஸ் என்ற அறிஞர் 1911இலேயே இதை எழுதிவிட்டார். சமத்துவம் பேசும் அமைப்பாகவே இருந்தாலும் நாளடைவில் நிர்வாகம் ஒரு சிலர் கைக்குள் போய்விடும். பேச்சு, பேனா, பெட்டிச் சாவி மூன்றும் அவர்களிடமே இருப்பதால் மற்றவர்கள் கைதட்டுவதோடு நின்றுவிடுவார்கள் என்பது சாரம். இரும்பு விதி என்றே அதற்குப் பெயர் வைத்தார். அந்த மனிதர் பிற்காலத்தில் முசோலினி கட்சியில் போய்ச் சேர்ந்தார் என்பது வேறு கதை. நோயைச் சரியாகக் கண்டுபிடித்த வைத்தியர் விஷக்கடையில் போய் மருந்து வாங்கினார். அவருடைய நோய்க் குறிப்பை மட்டும் நாம் வைத்துக்கொள்வோம்.

அந்த நோய் மகாராஷ்டிரத்துக் கூட்டுறவையும் பிடித்தது. இந்த இடத்தில் பேராசிரியரிடமே எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. கிராமத்தில் யார் கடன் கொடுக்கிறார்கள் என்று கண்டறிய அகில இந்திய ஆய்வு ஒன்று 1951–52இல் நடந்தது. 75 மாவட்டங்களில் 600 கிராமங்கள். அதன் கமிட்டியில் கோர்வாலா, வெங்கடப்பையா ஆகியோருடன் காட்கிலும் இருந்தார். 1954இல் அறிக்கை வந்தது. நூறு ரூபாய்க் கடனில் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது 3 ரூபாய் சொச்சம். வட்டிக்காரர்கள் கொடுத்தது 70 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனாலும் அது வென்றே தீர வேண்டும் என்று கமிட்டி கருதிற்று. அதற்கு அவர்கள் சொன்ன மருந்து, அரசாங்கமே சங்கங்களில் பங்கு போட வேண்டும், பயிற்சி பெற்ற ஊழியர் வேண்டும் என்பது. ஊழியர் வேண்டும் என்றது சரி. ஆனால் அரசாங்கத்தின் பங்குப் பணம் வந்த வாசல் வழியே அரசியல்வாதியின் நாற்காலியும் வந்தது. பங்குதாரர் ரேஷன் கடைக்காரர் முன் நிற்பவர் போல ஆனார். பத்தாவது படித்தவன் இப்படிச் சொல்லலாமா என்றால், விளைவைப் பார்த்தவன் சொல்லலாம் என்பேன்.

சர்க்கரை ஆலைகள் பல கடனில் மூழ்கி ஏலத்தில் தனியார் கைக்குப் போயின. அவற்றுக்குக் கடன் கொடுத்த மகாராஷ்டிர மாநிலக் கூட்டுறவு வங்கியின் இயக்குநர் குழு 2011இல் கலைக்கப்பட்டு அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். நம் நகரத்திலேயே 1912இல் தோன்றிய ரூப்பீ கூட்டுறவு வங்கிக்கு 2013இல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. ஒன்பது வருஷம் இழுத்து 2022இல் உரிமமே ரத்தாயிற்று. நூறு வருஷத்துக்கு மேல் நடந்த வங்கி! ஓய்வூதியக்காரர்கள் பாஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். இந்த அமைப்புகளிலெல்லாம் பொதுக்குழு ஆண்டுதோறும் கூடியிருக்கும். "கணக்கு ஏற்கப்பட்டது" என்று மினிட்ஸில் எழுதியிருப்பார்கள். எழுந்து நின்று ஒருவர் கேள்வி கேட்டிருந்தால் பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருப்பார்.

யார் பெயரால் பேசுகிறோம் என்பதிலும் இந்த ஊருக்கு ஒரு பாடம் உண்டு. பார்வதி மலைக் கோவில் நிர்வாகத்தில் முறைகேடு என்று ஜனங்கள் மனம் நொந்துதான் 1870 ஏப்ரல் 2ஆம் தேதி இங்கே சர்வஜனிக் சபா தோன்றியது. காங்கிரஸ் பிறப்பதற்குப் பதினைந்து வருஷம் முன்னால். கோவில் கணக்கில் தொடங்கிய சந்தேகம் அரசியலாக வளர்ந்தது! அந்தச் சபையில் உறுப்பினராக வேண்டுமானால் குறைந்தது ஐம்பது பேர் கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரம் கொண்டுவர வேண்டும். முதலில் வந்த 95 பேருக்குப் பின்னால் ஆறாயிரம் கையெழுத்து இருந்தது. நாமும் "புனேத் தமிழர் சார்பில்" என்று கலெக்டருக்கு மனு எழுதுகிறோம். எத்தனை பேரிடம் கேட்டு எழுதினோம்? அந்தச் சபையும் 1895இல் கோஷ்டிப் பூசலில் கைமாறி, ரானடேயும் கோகலேயும் அடுத்த வருஷமே தனிச் சபை கண்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

அந்தக் கோகலே 1905இல் இதே ஊரில் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில், அவர் 1915இல் மறைந்தபின் தலைவரானவர் ஒரு தமிழர். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். மராட்டியர் மிகுந்த சங்கத்துக்குக் கும்பகோணத்துப் பக்கத்து ஆள் தலைவர்! அங்கே சேர்ந்தவன் தனக்கென்று சம்பாதிக்கக் கூடாது. காந்தியாரே சேர விரும்பியபோது உறுப்பினர்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை; அவர் தம் விண்ணப்பத்தைத் தாமே விலக்கிக்கொண்டார். காந்தியாருக்கே விதி அப்படி. நம்மிடம் ஒருவர் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் அன்றைக்கே துணைத்தலைவர். சாஸ்திரியார் புனேக்கு வருமுன் 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். அரசியலில் அவர் மிதவாதி. எனக்கு அவரோடு ஒத்துவராது. பெரியாரைச் சொல்லுங்கள், ஒத்துவரும். கையெழுத்துப் போடவும் காசு வாங்குகிறாரே என்று அவரைக் கேலி செய்தார்கள். ஆனால் 1952இல் பிரச்சார நிறுவனம் ஒன்றைச் சட்டப்படி பதிவு செய்து இயக்கத்தின் காசை இயக்கத்துக்கென்றே நிறுத்தினார். இருவரும் எதிரும் புதிருமானவர்கள். பொதுக்காசு விஷயத்தில் மட்டும் ஒரே கறார்.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். பதிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. 1860ஆம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் இருந்தால் போதும். மகாராஷ்டிரத்தில் அத்தோடு 1950ஆம் வருஷப் பொது அறக்கட்டளைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆண்டுதோறும் ஆடிட் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் 90 நாளுக்குள் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அலைச்சல்தான், மராத்தியில் படிவம், முத்திரைத்தாள், வக்கீல் பீஸ் எல்லாம் உண்டு. ஆனால் இந்த மாறுதல் அறிக்கையைக் கொடுக்காமல் விட்டுத்தான் பல சங்கங்களில் பழைய கமிட்டி, புதிய கமிட்டி என்று இரண்டு கமிட்டிகள் வருஷக்கணக்கில் வழக்காடுகின்றன. மராத்தி நன்றாக எழுதத் தெரிந்த நம் பெண்பிள்ளைகள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களை விழாவில் வரவேற்பு நடனத்துக்கு மட்டும் கூப்பிடாமல் இந்த வேலைக்கும் கூப்பிடுவோம்.

கம்பெனிப் பணம் பற்றி. 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு சமூகக் காரியத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறை. அது அவர்கள் தருமம் அல்ல, சட்டம். அதனால் நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணம் திட்டத்துக்கு வரும் பணம். அவர்கள் கேட்கும் போட்டோ, அவர்கள் கேட்கும் அறிக்கை, அவர்கள் சொல்லும் வருஷத்தோடு முடிவு. அரசியல் கட்சிக்குக் கொடுப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. நாம் கட்சி அல்ல. ஆனாலும் நம் மாத இதழில் ஒப்பந்தத் தொழிலாளரைப் பற்றி எழுதுகிறோம், குடிசை இடிப்பைப் பற்றி எழுதுகிறோம். பணம் கொடுத்தவர் ஒருநாள் போன் செய்து, "அந்தக் கட்டுரை அவசியமா?" என்று மிருதுவாகக் கேட்பார். அன்று நம் வாடகை அவர் பணத்தில் போய்க்கொண்டிருந்தால் நம் ஆசிரியர் என்ன பதில் சொல்வார்?

ஆகவே நான் முன்வைப்பது இது. வகுப்புக்கு வேண்டுமானால் வாங்கலாம். தனி வங்கிக் கணக்கு, தனி நோட்டு, இரண்டு பேர் கையெழுத்து. வகுப்பு ஆசிரியைக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தில் பாதியாவது நம் சந்தாவிலிருந்தே வர வேண்டும். அவர்கள் போன பிறகும் வகுப்பு நடக்க வேண்டுமே. சங்க வாடகைக்கும் இதழுக்கும் அந்தப் பணத்தில் ஒரு பைசா கூடாது. சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கும் நம் பழைய தோழர்கள் அனுப்புவதாகச் சொல்லும் பணத்திலும் ஜாக்கிரதை வேண்டும். இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும். அதற்குத் தனி அனுமதி வேண்டும். பத்திரிகை நடத்துபவருக்கு அதுவும் விலக்கு.

நிர்வாகிகள் விஷயம் கடைசி. மூன்று வருஷம் ஒரு முறை, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒரே பொறுப்பில் யாரும் இருக்கக் கூடாது என்று விதியில் எழுத வேண்டும். செயலாளரான எனக்கும் சேர்த்துத்தான். என் இரண்டாவது முறை வருகிற தையில் முடிகிறது. "நீ போனால் யார் ரேஷன் ஆபீசுக்கு ஓடுவார்கள்?" என்று அக்கா ஒருவர் கேட்டார். நான் ஓடுவேன், அக்கா. பொறுப்பு இல்லாமலும் ஓடலாம். சாவி மட்டும் வேறு கையில் இருக்கட்டும்.

தீர்மான வரைவின் நகல் தமிழிலும் மராத்தியிலும் வாசலில் வைத்திருக்கிறது. திருத்தம் சொல்ல விரும்புவோர் பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுங்கள். எழுத முடியாதவர்கள் சொன்னால் எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். ஏப்ரல் முதல் இதுவரையிலான வரவு செலவு நோட்டும் ரசீதுக் கட்டுகளும் இந்த மேசைமேல்தான் இருக்கின்றன. ஹாலை ஒன்பதரைக்குத்தான் பூட்டுவார்கள். அதுவரை யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். முன்வரிசைப் பெரியவர் முதலில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.